வளையம் சொல்லும் கணக்கு: பெருந்தொற்று ஃப்ளூ தடுப்பூசியின் வீரியத்தை அளப்பது எப்படி?

2009இல் புதிய எச்1என்1 பரவியபோது நான் ஒரு தடுப்பூசித் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூன் 11 அன்று உலக சுகாதார அமைப்பு அதைப் பெருந்தொற்று என்று அறிவிக்கும் முன்பே எக்ஸ்-179ஏ என்ற தடுப்பூசி வைரஸ் தயாராகிவிட்டது. ஏ/கலிஃபோர்னியா/7/2009 வைரஸின் மேல்தோலை, முட்டையில் நன்றாக வளரும் பழைய பிஆர்8 வைரஸுக்குப் போர்த்திய கலப்பு அது. முட்டையில் வளர்த்து, செயலிழக்கச் செய்து, சுத்திகரித்த திரவம் குளிர் அறைக்கு வந்து சேர்ந்தது. அதில் எத்தனை மைக்ரோகிராம் ஹீமக்ளூட்டினின் (உடலின் எதிர்ப்பைத் தூண்டும் வைரஸ் மேல்தோல் புரதம்) இருக்கிறது என்பதை மட்டும் எங்களால் சொல்ல முடியவில்லை. அளப்பதற்கு வேண்டிய சீரம், அதாவது எதிர்ப்பொருள் உள்ள ரத்தநீர், இன்னும் செம்மறி ஆடுகளின் ரத்தத்தில் உருவாகிக்கொண்டிருந்தது.

அந்தக் காத்திருப்பை நான் மறக்கவில்லை. அடுத்த முறை இந்த மேசையில் உட்காரப்போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சாதாரணப் பருவகாலத் தடுப்பூசியில் ஒவ்வொரு ரகத்துக்கும் 15 மைக்ரோகிராம் ஹீமக்ளூட்டினின் இருக்கும். பெருந்தொற்று ரகங்களில் இந்தக் கணக்கு மாறிவிடும். 2007இல் அமெரிக்கா அனுமதித்த எச்5என்1 பறவைக் காய்ச்சல் தடுப்பூசிக்குத் துணைப்பொருள் (தடுப்பூசியின் விளைவைக் கூட்டும் சேர்மானம்) கிடையாது. அதில் ஒரு டோஸுக்கு 90 மைக்ரோகிராம், அதுவும் இரண்டு டோஸ். ஏஎஸ்03 என்ற எண்ணெய்த் துணைப்பொருளோடு தரும்போது 3.75 மைக்ரோகிராம் போதுமானதாக இருந்தது. இருக்கிற சரக்கை எத்தனை பேருக்குப் பங்கிடலாம் என்பதை இந்த எண்தான் முடிவு செய்கிறது. எண் தவறினால் ஒன்று மருந்து வீணாகும், அல்லது ஊசி போட்டும் பாதுகாப்பு இல்லாமல் போகும்.

இந்த எண்ணைத் தரும் சோதனையை எஸ்ஆர்ஐடி (ஒற்றை ஆர நோயெதிர்ப்புப் பரவல்) என்போம். 1970களில் உருவான முறை. சீரம் கலந்த அகரோஸ் ஜெல்லில் சிறு குழி வெட்டி, அதில் ஆன்டிஜெனை, அதாவது அளக்க வேண்டிய ஹீமக்ளூட்டினினை, ஊற்றுகிறோம். அது பரவிக்கொண்டே போய், சீரத்தில் உள்ள எதிர்ப்பொருளோடு சேர்ந்து வட்டமாகப் படிகிறது. ஆன்டிஜென் கூடக்கூட வளையம் பெரிதாகும்.

முதலில் கையில் இருக்க வேண்டியது ஒரு ஜோடி: அந்த ரகத்துக்கான ஆட்டு ஆன்டிசீரமும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான, அளவு தெரிந்த மேற்கோள் ஆன்டிஜெனும். சீரத்துக்காக வைரஸிலிருந்து ஹீமக்ளூட்டினினை புரோமெலைன் நொதியால் வெட்டியெடுத்து, ஆட்டுக்கு இடைவெளி விட்டுப் பல தடவை செலுத்துவார்கள். இதைத் துரிதப்படுத்த வழியில்லை. மேற்கோள் ஆன்டிஜெனின் அளவைப் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான் நாட்டு ஒழுங்குமுறை ஆய்வகங்கள் சேர்ந்து நிர்ணயிக்கும். மொத்தப் புரதத்தை அளந்து, அதில் ஹீமக்ளூட்டினின் எத்தனை சதவீதம் என்று மின்புல ஜெல்லில் பிரித்துப் பார்ப்பார்கள். எச்5இல் இங்கேயே சிக்கல் வரும். ஹீமக்ளூட்டினின் பட்டை வேறொரு வைரஸ் புரதத்தின் பட்டையோடு ஒட்டிக்கொண்டு தெரியும். சர்க்கரைப் பகுதியை நொதியால் நீக்கிய பிறகுதான் இரண்டும் பிரியும்.

ஜோடி வந்ததும் கூட வரும் குறிப்புத்தாளை முழுக்கப் படியுங்கள். முட்டையில் வளர்ந்த தடுப்பூசிக்கு முட்டை ஆன்டிஜென், செல்லில் வளர்ந்ததற்குச் செல் ஆன்டிஜென். "கிட்டத்தட்ட அதே ரகம்தானே" என்று பழைய சீரத்தை எடுக்காதீர்கள். வளையம் வரும், ஆனால் அதிலிருந்து கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது.

ஜெல்லில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ஒரு சதவீத அகரோஸை உருக்கி, ஐம்பது டிகிரியை ஒட்டி ஆறவிட்டு, அதன் பிறகு குறிப்புத்தாள் சொல்லும் அளவு சீரத்தைச் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். சூட்டோடு ஊற்றினால் எதிர்ப்பொருள் கெட்டுவிடும். குமிழி வரக் கூடாது. மேசையை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகே ஜெல்லை ஊற்றுங்கள், ஏனென்றால் ஒரு பக்கம் தடித்த ஜெல் கோணல் வளையத்தைத்தான் தரும். சீரம் அதிகமானால் வளையம் சுருங்கும். குறைந்தால் பெரிதாக, மங்கலாக விரியும். எச்5 முதல்முறை என்றால் இரண்டு மூன்று அளவுகளில் ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது டிடர்ஜென்ட். முழு வைரஸ் ஜெல்லுக்குள் நகராது. அதை உடைக்க வேண்டும். ஒன்பது பங்கு மாதிரிக்கு ஒரு பங்கு பத்து சதவீத ஸ்விட்டர்ஜென்ட், அறை வெப்பத்தில் 30 நிமிடம். மேற்கோளுக்கும் தடுப்பூசிக்கும் ஒரே கடிகாரம். ஒருமுறை நெருக்கடியில் தடுப்பூசி மாதிரியை மட்டும் பத்து நிமிடத்தில் எடுத்துக் குழியில் விட்டுவிட்டேன். மறுநாள் அதன் வளையங்கள் சிறுத்து, ஓரம் கலங்கி இருந்தன. கணக்குப்படி அந்தத் தொகுதி தேறவில்லை. நோட்டுப் புத்தகத்தில் நேரத்தை எழுதியிருந்ததால்தான் பிழை என்னுடையது என்று கண்டுபிடித்தோம். திரும்பச் செய்தபோது தேறியது. நல்ல மருந்து ஒன்றைக் கொட்டச் சொல்லியிருப்பேன் என்ற நினைப்பு இன்றும் உறுத்துகிறது.

பிறகு இரண்டையும் 1, 0.75, 0.5, 0.25 என்று நீர்க்கச் செய்யுங்கள். அதற்கு முன் மேற்கோளைத் தடுப்பூசியின் எதிர்பார்க்கும் செறிவுக்கு அருகே கொண்டுவாருங்கள். அரை மில்லியில் 15 மைக்ரோகிராம் என்றால் அது மில்லிக்கு 30. ஏஎஸ்03 வகையில் ஆன்டிஜென் தனிக் குப்பியில் இருக்கும். எண்ணெயோடு கலக்காமல் அந்தக் குப்பியைத்தான் சோதிக்க வேண்டும். செறிவு குறைவு என்பதால் வளையமும் சிறிதாகத்தான் வரும்.

நான்கு மில்லிமீட்டர் குழிக்கு 20 மைக்ரோலிட்டர். மேற்கோளை ஒரு பக்கம், தடுப்பூசியை மறுபக்கம் என்று வரிசை கட்டாமல் இடம் மாற்றி மாற்றி விடுங்கள். ஈரப் பெட்டியில் மூடி, 20 முதல் 25 டிகிரியில் குறைந்தது 18 மணி நேரம். அழுத்தி உலர்த்தி, கூமாசி நீலச் சாயத்தில் நனைத்து, பின்னணி வெளுக்கும்வரை கழுவுங்கள். ஒவ்வொரு வளையத்தையும் செங்குத்தான இரண்டு திசைகளில் 0.1 மில்லிமீட்டர் துல்லியத்தில் அளக்க வேண்டும். எது மேற்கோள், எது தடுப்பூசி என்று தெரியாத ஒருவர் அளந்தால் நல்லது. நாம் ஆசைப்படும் எண்ணுக்கு நம் கண் சாய்ந்துவிடும்.

வளையத்தின் விட்டத்தையும் நீர்க்கச் செய்த அளவையும் வைத்து, மேற்கோளுக்கு ஒன்றும் தடுப்பூசிக்கு ஒன்றுமாக இரண்டு கோடுகள் வரையுங்கள். இரண்டும் பூஜ்ய ஆன்டிஜென் புள்ளியில் ஒன்றாகச் சேர வேண்டும். சேராவிட்டால் சோதனை செல்லாது. கோட்டை வளைத்துச் சேர்க்கப் பார்க்காதீர்கள். சேர்ந்தால், சாய்வுகளின் விகிதத்தை மேற்கோளின் செறிவால் பெருக்கினால் விடை. மேற்கோள் மில்லிக்கு 30 மைக்ரோகிராம், விகிதம் 1.1 என்றால் தடுப்பூசி 33. அரை மில்லி டோஸில் 16.5.

இன்று நிறை நிறமாலைமானி (மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி) வைத்து, சீரம் வரும் முன்பே மொத்த ஹீமக்ளூட்டினினை அளக்கலாம். 2009இல் எங்களிடம் அது இருந்திருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும். ஆனால் வெப்பத்தில் உருக்குலைந்த புரதத்தையும் அது சேர்த்தே எண்ணும். வளையம் உருக்குலையாததை மட்டுமே காட்டும். அதனால் நான் முதலாவதைத் திட்டமிடவும், இரண்டாவதை விடுவிப்புக் கையெழுத்துக்கும் பயன்படுத்துவேன்.

மேற்கோள் ஆன்டிஜென் தீர்ந்து புதிய தொகுதி வரும் நாளும் உண்டு. பழையதில் நான்கைந்து ஆம்பூல் மிச்சம் இருக்கும்போதே, இரண்டையும் ஒரே ஜெல்லில், ஒரே தடுப்பூசியோடு ஓடவிட்டுப் பார்த்து, வித்தியாசத்தை எழுதி வைத்துவிடுங்கள்.