சிறிய கல்லூரியில் ஆண்கள் லக்ராஸ் அணியை வளர்த்தெடுக்கும் முறை

லக்ராஸ் என்பது முனையில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்தும் வீசியும் கோல் அடிக்கும் ஆட்டம். அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியின் ஆண்கள் லக்ராஸ் அணிக்குப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய விதி, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுத் திறனுக்காக உதவித்தொகை வழங்கக் கூடாது என்பதாகும். குடும்ப வருமானத்தையும் மதிப்பெண்களையும் பார்த்துக் கல்லூரி தரும் உதவி, வீரர் அணியில் இருந்தாலும் விலகினாலும் மாறுவதில்லை. ஆகவே, பிப்ரவரிக் குளிரில் மைதானத்துக்கு வர விருப்பமில்லாத ஒருவர் நாளையே விலகிவிடலாம். அவருக்குப் பண இழப்பு எதுவும் இல்லை. களத்தில் ஒரே நேரத்தில் ஆடுபவர்கள் பத்துப் பேர்தான், ஆனால் அணிப்பட்டியலில் நாற்பது, ஐம்பது பேர் இருப்பார்கள். ஆட வாய்ப்பே கிடைக்காத அந்த ஐம்பதாவது வீரரும் அடுத்த ஆண்டு திரும்பி வர விரும்பும்படி அணியை நடத்துவதே இந்தப் பணியின் மையம் என்பது என் உறுதியான கருத்து.

நீண்ட காலம் வென்ற அணிகள் இப்பிரிவில் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ஹோபார்ட் கல்லூரி 1980 முதல் 1991 வரை தொடர்ந்து 12 முறை பட்டம் வென்றது. மிடில்பரி 2000 முதல் 2002 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. மேரிலாந்தின் சாலிஸ்பரி பல்கலைக்கழகம் ஜிம் பெர்க்மன் பயிற்சியில் 1994-இல் தொடங்கிப் பத்துக்கும் மேற்பட்ட பட்டங்களைப் பெற்றது. ஆனால் வெற்றி மட்டுமே ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றிவிடாது என்பதையும் புதிய பயிற்சியாளர் அறிந்திருக்க வேண்டும்: பென்சில்வேனியாவின் கப்ரினி பல்கலைக்கழகம் 2019-இல் தேசியப் பட்டம் வென்றது, 2024-இல் மூடப்பட்டது. பணியை ஏற்கும் முன்பே கல்லூரியின் நிதிநிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறே இல்லை. மாணவர் சேர்க்கையை உயர்த்தவே லக்ராஸ் அணி தொடங்கிய கல்லூரிகள் பல. அங்கு நிர்வாகம் பயிற்சியாளரிடம் கோப்பைக்கு முன்பே தலைகளின் எண்ணிக்கையைத்தான் கேட்கும்.

வீரர்களைத் தேடும் வேலை சேர்க்கை அலுவலகத்தில் தொடங்குகிறது. எந்த மதிப்பெண் வரை ஏற்பார்கள், எந்தப் பாடங்களை எடுத்திருக்க வேண்டும் என்பதை அங்குள்ளவர்களிடம் அமர்ந்து பேசித் தெரிந்துகொண்ட பிறகே கோடைப் போட்டிகளுக்குப் பயணம் செய்ய வேண்டும். லாங் ஐலண்ட், பால்டிமோர், பிலடெல்பியாவின் புறநகர்கள், நியூ இங்கிலாந்து ஆகியவை இந்த ஆட்டத்தின் பழைய விளைநிலங்கள். அங்கு எல்லாப் பயிற்சியாளர்களும் நிற்பார்கள் என்பதால், ஆட்டம் பின்னர் பரவிய டெக்சாஸ், கொலராடோ போன்ற மாநிலங்களையும் விட்டுவிடக் கூடாது. ஒருவரின் கோல்களைக் காட்டிலும், பந்தை இழந்த அடுத்த மூன்று நொடிகளில் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்ப்பது மேல். தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறாரா, திரும்பி ஓடுகிறாரா என்பது காணொளித் தொகுப்பில் வராது; நேரில்தான் தெரியும்.

பெற்றோரிடம் பணத்தைப் பற்றி முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். நிகரச் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கும் கருவி ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் இருக்க வேண்டும் என்பது 2011 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். குடும்பத்தார் அதில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு பேச்சைத் தொடர்ந்தால், ஏப்ரலில் கட்டண விவரம் வந்ததும் மனக்கசப்போடு பிரிய நேராது.

பயிற்சியில் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது தரையில் உருளும் பந்துக்குத்தான். பந்து தரையில் கிடக்கும்போது அது எந்த அணிக்கும் சொந்தமில்லை. அதை எடுப்பதற்குப் பிறவித் திறமையைவிடப் பழக்கமே கைகொடுக்கிறது. முழங்கால்களை மடக்கி, மட்டையின் பின்முனையைப் பிடித்த கை ஏறக்குறைய தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து, பந்துக்குச் சற்று முன்பிருந்தே வலையைத் தரையோடு செலுத்தி, நிற்காமல் ஓடியபடி அள்ள வேண்டும். பந்து வலைக்குள் வந்தவுடன் மட்டையை முகத்தருகே இழுத்து, எதிராளி வரும் பக்கத்துக்கு முதுகைத் திருப்பி, இரண்டடி ஓடிய பிறகே யாருக்கு வீசுவது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலோர் செய்யும் தவறு, நின்றுகொண்டு மேலிருந்து குத்திப் பந்தை எடுக்க முயல்வதாகும். இருவர் சேர்ந்து செல்லும்போது ஒருவர் ‘பால்’ என்று கத்திப் பந்துக்குப் போகிறார். மற்றவர் ‘மேன்’ என்று கத்தி எதிராளியைத் தன் உடலால் மறிக்கிறார். பந்தை எடுத்தவர் உடனே ‘ரிலீஸ்’ என்று சொல்ல வேண்டும். பந்து கைக்கு வந்த பின்னும் மறித்தால் அது விதிமீறலாகிவிடும். இந்த மூன்று சொற்களும் முதல் வாரத்திலேயே ஒவ்வொருவர் வாயிலும் தானாக வர வேண்டும்.

சுவரில் பந்தை வீசிப் பிடிக்கும் பயிற்சிக்குப் பயிற்சியாளர் தேவையில்லை, மைதானமும் தேவையில்லை. நாள்தோறும் இருபது நிமிடம், வலக்கையிலும் இடக்கையிலும் சம அளவில் செய்யும் வீரர், உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் வரிசையில் இருந்தவராயினும், மூன்றாம் ஆண்டில் களத்துக்கு வந்துவிடுவார். உதவித்தொகை இல்லாத அணியில் இத்தகைய மெதுவான வளர்ச்சியே பெரிய சொத்து.

பந்து கைக்கு வந்ததும் 20 நொடிகளுக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும், 80 நொடிகளுக்குள் கோலை நோக்கி எறிய வேண்டும். அதனால் பந்தைத் தற்காப்புப் பகுதியிலிருந்து வெளியேற்றும் ஒழுங்கை இரண்டே அமைப்புகளில் முடித்துக்கொள்வது நல்லது. நீண்ட மட்டை வைத்திருப்போர் களத்தில் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால், ஆட்களை மாற்றும் வேகமும் பயிற்சிக்குரியதே. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவில் ஃபேஸ்-ஆஃப், அதாவது அணிக்கு ஒருவராக இருவர் தரையில் வைத்த பந்துக்குப் போட்டியிடுவது, நடப்பதால் அதில் தேர்ந்த ஒருவரையாவது எப்பாடுபட்டேனும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பந்து திண்மையான ரப்பரால் ஆனது, ஏறக்குறைய 145 கிராம் எடையுள்ளது. இதயத் துடிப்பின் குறிப்பிட்ட ஒரு கணத்தில் மார்பில் பட்டால் இதயமே நின்றுவிடக்கூடும். மார்புக் கவசத்தில் சமரசம் வேண்டாம். இதயத்தை மீண்டும் இயக்கும் மின்னதிர்வுக் கருவி ஒவ்வொரு பயிற்சியிலும் ஓடி எடுக்கும் தூரத்தில் இருக்கட்டும்.

இப்போது அந்த ஐம்பதாவது வீரரிடம் வருகிறேன். பருவம் தொடங்கும் முன்பே அவரைத் தனியாக அழைத்து, இந்த ஆண்டு ஆட வாய்ப்புக் குறைவு என்பதை நேராகச் சொல்லிவிட வேண்டும். நம்பிக்கை காட்டி இழுத்தடிப்பது அவருக்குச் செய்யும் அநீதி. அதோடு அவருக்கு உண்மையான ஒரு வேலையையும் தர வேண்டும். சனிக்கிழமை சந்திக்கப்போகும் அணியின் இடக்கை எறியாளரை வார நடுப் பயிற்சியில் அவர் அப்படியே நடித்துக் காட்டட்டும், அதற்கான காணொளியை அவரே பார்த்துக் குறிப்பெடுக்கட்டும். ஆட்டத்தில் அந்த எறியாளரை நம் தடுப்பாளர் அடக்கினால், மறுநாள் கூட்டத்தில் பயிற்சியாளர் முதலில் சொல்ல வேண்டியது இவருடைய பெயரை. வேதியியல் ஆய்வகம் காரணமாகச் செவ்வாய்தோறும் தாமதமாக வருபவரைத் தண்டிக்காமல், அவருக்கேற்ப அன்றைய பயிற்சியின் வரிசையை மாற்றி அமைக்கலாம். படிக்கத்தான் அவர் அந்தக் கல்லூரிக்கு வந்தார்.

கடைசி ஆட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள், தேர்வு நெருக்கடி முற்றும் முன்பே, ஒவ்வொருவரையும் தனித்தனியே பதினைந்து நிமிடம் சந்திக்க வேண்டும். அடுத்த ஆண்டு திரும்பி வருவாரா, வராவிட்டால் ஏன் என்று கேட்டு, பதிலை எதிர்வாதம் செய்யாமல் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பேட்டில் எந்த இடம் காலியாகிறதோ, அந்த இடத்துக்கான வீரரைத் தேடியே ஜூன் மாதப் பயணம் தொடங்கும்.