எறிந்ததை மட்டும் எண்ணாதீர்கள்: ஜூடோ பயிற்சிக் குறிப்பேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூடோ பழகுகிறவர்களின் குறிப்பேட்டைப் புரட்டினால் பெரும்பாலும் வகுப்புக்குப் போன தேதி, உடல் எடை, ராண்டோரியில் (எதிராளியோடு கட்டுப்பாடின்றி மோதிப் பழகும் சுற்றில்) எத்தனை பேரை எறிந்தோம் என்ற கணக்கு ஆகியவைதான் இருக்கும். இவை சிரமமில்லாமல் கிடைப்பவை. ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கங்களைப் பார்த்து, அடுத்த வாரம் பயிற்சியில் எதை மாற்றுவது என்று கேட்டால் பதில் வராது. எழுதுகிற ஒவ்வொரு எண்ணும் ஏதாவது ஒரு முடிவுக்கு உதவ வேண்டும். உதவாத எண்ணை எழுதாமல் விடுவதே மேல்.

பட்டையின் நிறத்தை அளவுகோலாக வைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. தரநிலைத் தேர்வு சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். அதிலும் உகே (எறியப்படும் கூட்டாளி) ஒத்துழைத்து விழுகிறார். அசைவு தெரியும் என்பதற்கு அது சான்று. எதிர்த்து நிற்பவரிடம் அந்த அசைவு பலிக்குமா என்பது தனிக் கேள்வி. தெரிந்த முறைகளின் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதும் இதே வகைதான். ஜூடோவின் தலைமைப் பள்ளியான கோடோகான் அங்கீகரித்த எறிமுறைகள் 68, தரையில் செய்யும் பிடிமுறைகள் 32. நூறையும் கற்க ஆசைப்படுவதில் தப்பில்லை, ஆனால் முன்னேற்றத்தைப் பார்க்க இரண்டே போதும்: முன்பக்கம் எறியும் ஒன்று, அதோடு இணையும் பின்பக்க எறி ஒன்று. செயோய் நாகே (தோள்வழியே முன்பக்கம் எறிவது) பழகுபவருக்கு ஓஉச்சி காரி (உள்பக்கமாகக் காலை வாரிப் பின்பக்கம் வீழ்த்துவது) நல்ல துணை. குறைந்தது மூன்று மாதம் இந்த இரண்டை மட்டும் பின்தொடருங்கள்.

வெற்றிக் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது

நேற்று நான்கு பேரை எறிந்தேன் என்பதில் எதுவும் தெரிவதில்லை. எதிரே நின்றவர் பத்துக் கிலோ குறைவானவரா, ஐந்தாவது சுற்றில் களைத்திருந்தாரா, புதுப் பழக்கத்தை முயன்று பார்க்க வேண்டுமென்றே இடம் கொடுத்தாரா? சமூக மன்ற வகுப்புகளில் மாணவர், தேசிய சேவையாளர், ஐம்பது தாண்டியவர் என எல்லாரும் ஒரே டாட்டாமியில் (பயிற்சிப் பாயில்) நிற்பார்கள். அங்கே வெற்றி எண்ணிக்கை அன்று யார் வந்தார்கள் என்பதைத்தான் காட்டும்.

அதற்குப் பதிலாக, நீங்கள் தேர்ந்தெடுத்த எறிக்கு நான்கு எண்களை எழுதுங்கள்: எத்தனை முறை முயன்றீர்கள், அவற்றில் எத்தனை முறை எதிராளியின் சமநிலை குலைந்தது, எத்தனை முறை அவர் விழுந்தார், எத்தனை முறை நீங்கள் எதிரெறியில் சிக்கினீர்கள். பக்கத்தில் எதிராளியின் எடை, எத்தனையாவது சுற்று, பிடி எப்படி என்பதையும் குறியுங்கள். இருவரும் ஒரே பக்கப் பிடியா, ஒருவர் வலம் மற்றவர் இடமா என்பதுதான் பலரும் எழுத மறக்கும் தகவல். எதிர்ப்பக்கப் பிடிக்காரரிடம் மட்டும் தோற்பவர்கள் ஏராளம், ஆனால் அது தங்களுக்கே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பழகிக்கொண்டிருப்பார்கள்.

இந்த நான்கு எண்களும் கோளாறு எங்கே என்று காட்டிவிடும். முயற்சியே இரண்டு மூன்றுதான் என்றால் பிரச்சினை எறியில் இல்லை, பிடியில். நீங்கள் விரும்பும் பிடி கைக்கு வரும்முன் எதிராளி உடைத்துவிடுகிறார். முயற்சி பன்னிரண்டு, சமநிலை குலைந்தது இரண்டு என்றால் இழுக்கும் கை வேலை செய்யவில்லை, அல்லது அவர் நகராமல் நிற்கும்போதே உள்ளே பாய்கிறீர்கள். ஏழெட்டு முறை குலைந்தும் ஒருமுறைதான் விழுந்தார் என்றால் கால் வைக்கும் இடத்தையும் இடுப்பின் உயரத்தையும் பாருங்கள். எதிரெறி அதிகம் என்றால், எதிராளியின் எடை குதிகாலில் ஊன்றியிருக்கும் நேரத்தில் முன்பக்க எறிக்குத் திரும்புகிறீர்கள் என்று சந்தேகிக்கலாம்.

சுற்றின் நடுவே இதையெல்லாம் எண்ண முயல வேண்டாம். கவனம் சிதறினால் கழுத்தோ விரலோ அடிபடும். ஒரு வகுப்பில் ஒரே ஒரு சுற்றைத் தேர்ந்தெடுத்து, ஓரமாக அமர்ந்திருக்கும் நண்பரை எண்ணச் சொல்லுங்கள். அவருடைய சுற்றை நீங்கள் எண்ணிக் கொடுங்கள்.

உச்சிகோமியிலும் (எறியாமல், எறிக்குள் நுழைவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியிலும்) இதே கதைதான். நாளுக்கு 200 என்று எழுதுவார்கள். உகேயின் குதிகால் தரையைவிட்டு எழவில்லை என்றால் அந்த முன்பக்க எறிப் பயிற்சியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இழுக்கும் கை கண் மட்டத்துக்கு வந்ததா, முழங்கால் மடங்கியதா என்பதைக் கூட்டாளி சொல்லட்டும். முப்பது விநாடியில் எத்தனை என்று வேகத்தை அளப்பதானால், உருப்படியாகச் செய்ததை மட்டும் எண்ணி, அந்தச் சிறிய எண்ணை வெட்கப்படாமல் எழுதுங்கள்.

ஐபிபிடி தங்கம் வாங்கியும் இரண்டாவது நிமிடத்தில் மூச்சு வாங்குவது ஏன்

சிங்கப்பூரில் ஆண்களுக்கு உடலுறுதி என்றாலே தேசிய சேவையின் உடலுறுதித் தேர்வான ஐபிபிடி ஞாபகம்தான் வரும். ஒரு நிமிடம் தண்டால், ஒரு நிமிடம் வயிற்றுப் பயிற்சி, 2.4 கிலோமீட்டர் ஓட்டம். 85 புள்ளி எடுத்தால் தங்கம். தேசிய சேவைக்கு அது பொருத்தமான சோதனையாக இருக்கலாம். ஜூடோவுக்கு வேண்டிய இழுக்கும் வலிமை, பிடியின் தாக்குப்பிடிப்பு, இடுப்பை மடித்துத் தூக்கும் திறன் ஆகிய மூன்றும் அதில் இல்லை. போட்டிச் சுற்று நான்கு நிமிடம். சமநிலையில் முடிந்தால் கோல்டன் ஸ்கோர் என்ற கூடுதல் ஆட்டத்துக்கு நேர வரம்பே கிடையாது. அந்த நேரமும் சீரான ஓட்டமாக இராது. இருபது முப்பது விநாடி கடும் உழைப்பு, பத்து விநாடி அளவுக்கு இடைவெளி, மறுபடி உழைப்பு என்று போகும். 2.4 கிலோமீட்டர் நேரம் குறைந்தால் அடித்தளம் பலப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அதிலிருந்து எதையும் ஊகிக்க வேண்டாம்.

ஜூடோவுக்கென்றே போலந்து ஆய்வாளர் ஸ்டெர்கோவிச் 1995இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. ஏறக்குறைய உங்கள் எடையும் உயரமும் கொண்ட இரண்டு உகேக்கள் ஆறு மீட்டர் இடைவெளியில் நிற்பார்கள். நீங்கள் நடுவிலிருந்து தொடங்கி, மாறி மாறி ஓடி இப்போன் செயோய் நாகேயில் இருவரையும் எறிய வேண்டும். முதலில் 15 விநாடி, பிறகு 30, மறுபடி 30. இடையே பத்துப் பத்து விநாடி ஓய்வு. முடிந்த உடனே ஒரு நாடித்துடிப்பு, சரியாக ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று. இரண்டையும் கூட்டி, மொத்த எறிகளால் வகுத்தால் குறியீடு வரும். சிறியதாக இருந்தால் நல்லது. 24 எறி, துடிப்பு 182, 154 என்றால் 336 ÷ 24 = 14.0.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அரைமனதோடு 22 எறி மட்டும் எறிந்தவருக்குத் துடிப்பு 160, 130 என்று வந்தால் குறியீடு 13.2. காகிதத்தில் அவர் முன்னேறிவிட்டார்! ஆகவே குறியீட்டை மட்டும் எழுதி வைக்காதீர்கள். எறிகள், இரண்டு துடிப்புகள், கூடத்தில் குளிரூட்டி ஓடியதா என்பதெல்லாம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மின்விசிறி மட்டும் சுற்றும் கூடத்தில் அதே உழைப்புக்கு இதயம் வேகமாக அடிக்கும். போன மாதம் குளிரூட்டிய கூடத்தில் எடுத்ததை இந்த மாதம் பள்ளி மண்டபத்தில் எடுத்ததோடு ஒப்பிட்டால் உடல் தளர்ந்துவிட்டதாகத் தோன்றும்.

துடிப்பைத் தாமதமாகப் பிடிப்பது இன்னொரு பிழை. கைக்கடிகாரத்தோடு டாட்டாமியில் ஏறக் கூடாது. அது உங்களையும் கூட்டாளியையும் காயப்படுத்தும். முடிந்த கணமே கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அரை நிமிடம் தாமதித்தால் எண் தாராளமாக இறங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். உகேமி (அடிபடாமல் விழும் முறை) சரியாக வராத ஒருவரை உகேயாக நிறுத்தவே கூடாது. சோர்ந்த கையால் எறியப்படுகிறவர் அவர்தான்.

பிடிக்கு எளிய சோதனை: ஜூடோகியை (ஜூடோ சீருடையை) கம்பியில் போட்டு, இரண்டு கழுத்துப்பட்டிகளையும் பிடித்து, முழங்கையை மடக்கித் தொங்கும் நேரம். ஒவ்வொரு முறையும் அதே ஜூடோகி வேண்டும். நனைந்த துணியும் தடித்த புதுத் துணியும் வேறு வேறு விடை தரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்குக் கீழேயுள்ள உடற்பயிற்சி மூலையின் கம்பி இதற்கு நன்றாகவே போதும். மழை பெய்த மாலையில் மட்டும் வேண்டாம்.

எடைப் பயிற்சியும் ராண்டோரியும் ஒரே உடம்பில்தான்

அதிகபட்சம் எவ்வளவு தூக்குவோம் என்று மாதாமாதம் சோதிப்பது தேவையில்லாத ஆபத்து. ஐந்து முறை ஒழுங்காகத் தூக்கிய எடையிலிருந்து கணக்கிடலாம்: எடை × (1 + முறைகள் ÷ 30). டெட்லிஃப்டில் (தரையிலிருந்து எடையைத் தூக்குவதில்) 90 கிலோவை ஐந்து முறை தூக்கினால் மதிப்பீடு 105 கிலோ. பத்து முறைக்கு மேல் போனால் இந்தச் சூத்திரத்தை நம்ப வேண்டாம். ஸ்குவாட்டில் போன மாதம் தொடை தரைக்கு இணையாக இறங்கி, இந்த மாதம் பாதியிலேயே எழுந்து, பத்துக் கிலோ கூடிவிட்டது என்று எழுதுகிறவர்களும் உண்டு.

டெட்லிஃப்டும் கனமான ரோவும் (குனிந்து எடையை உடலை நோக்கி இழுப்பதும்) செய்த மறுநாள் ராண்டோரியில் விரல்கள் மூடாது. அன்று பிடி நழுவியதை எறித் திறனின் குறையாக எழுதிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் ஜூடோ என்றால் கனமான எடைப் பயிற்சியை ஞாயிறு, புதனுக்கு வையுங்கள்.

மொத்தச் சுமையைப் பார்க்க, பயிற்சியின் கடினத்தைப் பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பிட்டு நிமிடத்தால் பெருக்குங்கள். 90 நிமிட வகுப்பு, கடினம் 7 என்றால் 630. 50 நிமிட எடைப் பயிற்சி, கடினம் 6 என்றால் 300. பாயை விட்டு இறங்கியதும் எழுதினால் கடைசிச் சுற்றின் களைப்பு எண்ணை உயர்த்திவிடும். அரைமணி நேரம் கழித்து, எம்ஆர்டியில் உட்கார்ந்தபின் எழுதுங்கள். தேசிய சேவை முகாம் பயிற்சிக்கு அழைக்கப்பட்ட வாரத்தின் நடை, ஓட்டம், தூக்கக் குறைவு எல்லாம் இதே கணக்கில் வர வேண்டும். அந்த வாரத்தை வெற்றிடமாக விட்டுவிட்டு, திரும்பியதும் முழு வேகத்தில் ராண்டோரியில் இறங்குவதுதான் காயத்துக்குக் கதவு திறப்பது.

எடைக் கருவி

வகுப்பு முடிந்ததும் ஒன்றரைக் கிலோ குறைந்திருப்பது கொழுப்பு இல்லை, வியர்வை. வகுப்புக்கு முன்னும் பின்னும், ஜூடோகியைக் கழற்றி, உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். நனைந்த ஜூடோகியோடு பார்த்தால் உடம்பு இழந்த நீர் துணியில் இருந்துகொண்டு கணக்கைக் கெடுக்கும். 73.4 கிலோ 71.9 ஆகி, நடுவே அரை லிட்டர் குடித்திருந்தால் இழந்தது ஏறக்குறைய இரண்டு லிட்டர். குடித்தது போக இன்னும் ஒன்றரை லிட்டர் குறைவாக இருப்பதால், அடுத்த சில மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டேகால் லிட்டர்வரை சிறிது சிறிதாக உள்ளே போக வேண்டும். உப்பும் சேர வேண்டும்: மோர், ரசம் எதுவானாலும் சரி. வெறும் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பது சரியல்ல.

முன்னேற்றத்துக்கான எடையைக் காலையில், கழிவறை போனபின், சாப்பிடும் முன், அதே கருவியில் எடுத்து ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். இரவு தேக்காவில் பிரியாணி சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடியிருந்தால் அது உப்பும் நீரும்தான். தைப்பூச விரதம், நோன்பு மாதம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் தனியாக அடையாளமிடுங்கள். அந்த நாள்களில் சோதனை வைக்காமல், விரதம் முடிந்து ஓரிரு வாரம் கழித்து வைத்தால் போதும்.

வளரும் பிள்ளைகளை எடைப் பிரிவுக்காகப் பட்டினி போடுவதோ வியர்க்க வைத்து இறக்குவதோ கூடவே கூடாது. அவர்களுக்கு எடையோடு உயரத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். திடீரென்று உயர்ந்த பிள்ளை சில மாதம் காலும் கையும் ஒத்துவராமல் தடுமாறலாம். அதைச் சோம்பல் என்று திட்டுகிற பெற்றோருக்கு அந்த உயரக் கணக்கே பதில்.

வலியும் வீடியோவும்

விரல், முழங்கால், தோள் வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று பயிற்சிக்கு முன், பின், மறுநாள் காலை என மூன்று வேளை எழுதுங்கள். பலர் எழுதாமல் விடுவது மூன்றாவது, அதில்தான் செய்தி இருக்கிறது: தொடர்ந்து மூன்று வகுப்புகளின் மறுநாள் வலி ஏறிக்கொண்டே போனால் ராண்டோரியைக் குறைத்து மருத்துவரைப் பாருங்கள். தலையில் அடிபட்டுத் தலைவலி, மயக்கம், குழப்பம் எது வந்தாலும் குறிப்பேட்டை மூடிவிடுங்கள். அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வீடியோ எடுக்கும்முன் கூட்டாளியிடமும், பிள்ளைகள் என்றால் பெற்றோரிடமும் அனுமதி கேளுங்கள். கைப்பேசியைச் சாய்கோணத்தில், இருவரின் பாதமும் இழுக்கும் கையும் ஒருசேரத் தெரியும்படி வையுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே எறியை அதே கோணத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

எழுதுகிறார்கள், ஆனால் திரும்பிப் படிப்பதில்லை. மாதம் ஒருநாள் இருபது நிமிடம் ஒதுக்கி, நான்கு வாரக் குறிப்பிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். சென்செயிடம் (ஆசிரியரிடம்) முழு நோட்டையும் நீட்டினால் அவர் புரட்டிவிட்டு நன்றாக இருக்கிறது என்பார். “இடப்பக்கப் பிடிக்காரரிடம் என் முயற்சிகள் பாதியாகக் குறைகின்றன சென்செய், முதல் கையை எங்கே போட வேண்டும்?” என்று கேட்டால், அவர் எழுந்து வந்து உங்கள் சட்டையைப் பிடித்துக் காட்டுவார்.