தாத்தாவின் தாத்தாவைத் தேடுவது எப்படி? (தமிழ் வருஷக் கணக்கில் சிக்கிக்கொள்ளாமல்)

இரண்டு வருஷமாக எங்கள் குடும்ப வம்சாவளியைத் தொகுத்து வருகிறேன். கரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பெயர்ப் பட்டியல் போடுவதோடு நிற்காமல், அவர்கள் எப்போது பிறந்தார்கள், எந்த நிலத்தை எப்படி வாங்கினார்கள், யாரை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்றெல்லாம் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். தாத்தாவின் தாத்தா வரைக்கும் போக முடிந்தது. அந்த வழியைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பெரியவர்களிடம் பேசுங்கள்

ஆவணம் காத்திருக்கும், ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுப் பேச விடுங்கள். என் அனுபவத்தில் அத்தைகளுக்கும் பாட்டிகளுக்கும்தான் உறவுமுறை துல்லியமாகத் தெரிகிறது. "எந்த வருஷம் பிறந்தார்?" என்று கேட்டால் பதில் வராது. "அவர் பிறந்தப்போ நீங்க எத்தனாவது படிச்சீங்க?", "தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேளுங்கள், வரும். அந்தப் புயல் 1964 டிசம்பர். இன்னும் பின்னால் போனால் "தாது வருஷப் பஞ்சம்" என்ற பேச்சு சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. அது 1876 முதல் 1878 வரை. பஞ்சத்தில் பிழைத்த பிள்ளை என்று யாரையாவது சொன்னால் உடனே குறித்துக்கொள்ளுங்கள், அது ஒரு பிறந்த தேதிக்குச் சமம்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும் நாளில் வயதை உத்தேசமாகப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் பல பெரியவர்களுக்கு ஜூன் மாதத்தில் பிறந்தநாள்.

அப்புறம் பெட்டியைத் திறங்கள்

பத்திரம், கிஸ்தி (நிலவரி) ரசீது, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் படமெடுங்கள். பதிவான பத்திரத்தில் பின்பக்கம் முக்கியம். சார்பதிவாளர் எழுதிய குறிப்பில் ஆங்கிலத் தேதி, ஆவண எண், அடையாளம் காட்டிய சாட்சிகளின் பெயர்கள் இருக்கும். சாட்சிகள் பெரும்பாலும் பங்காளிகளோ சம்பந்திகளோதான்.

பத்திரங்களில் எனக்குப் பிடித்தது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பி அத்தனை பேரையும் அப்பா பெயரோடு வரிசையாகச் சொல்லிவிடும். வீட்டில் பத்திரம் இல்லையென்றால் வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போடுங்கள். 1975க்குப் பிந்தையதைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குப் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டியிருக்கும். தாய்ப்பத்திரத்தின் (அதே சொத்தின் முந்தைய பத்திரம்) எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நான் மாட்டிக்கொண்ட இடம்: தமிழ் வருஷம்

தாத்தாவின் பெட்டியில் ஒரு கைக்குறிப்பு கிடைத்தது. பிலவ வருஷம், மாசி மாதம், கிழமை, ஒரு காடு (எங்கள் பக்கம் மேட்டு நிலத்தை அப்படித்தான் சொல்வோம்) கிரயம் வாங்கிய விவரம், வாங்கியவர் பெயர். பெயர் எங்கள் தாத்தாவுடையது. பிலவ என்றால் 1961-62. தாத்தா 1962இல் வாங்கியிருக்கிறார் என்று எழுதி வைத்துக்கொண்டு, அந்த ஆண்டுப் பதிவுகளில் மாதக்கணக்கில் தேடினேன். ஒன்றும் இல்லை.

தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1901-02ம் பிலவதான். நம் வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பெயர்தான் வைப்பார்கள், பேரன் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். ஆகவே அறுபது வருஷ இடைவெளியில் அதே பெயரில் இன்னொருவர் இருப்பது இயல்பு. அந்தக் குறிப்பு தாத்தாவுடையது இல்லை, தாத்தாவின் தாத்தாவுடையது. இரண்டு பேருடைய வாழ்க்கையை ஒரே ஆளின் கணக்கில் எழுதியிருந்தேன். அவர் தன் உழைப்பில் வாங்கிய முதல் நிலம் அது. அதைப் பேரன் பெயரில் எழுதி வைத்திருந்தது எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

எந்தச் சுற்று என்று கண்டுபிடிக்க இவற்றைப் பாருங்கள்:

• பணம். தொகையில் அணா இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரல் 1க்கு முந்தைய கணக்கு. எங்கள் குறிப்பில் "8 அணா" இருந்தது. முதல் நாளே கண்ணில் பட்டது, யோசிக்கவில்லை.

• முத்திரைத்தாள். விக்டோரியா ராணி படம் என்றால் 1901 வரை (பழைய தாள் கொஞ்ச நாள் ஓடியிருக்கலாம்), ஏழாம் எட்வர்ட் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை. சிங்கமுகச் சின்னம் என்றால் சுதந்திரத்துக்குப் பிறகு.

• பசலி. கிஸ்தி ரசீதில் பசலி ஆண்டு (நிலவரிக் கணக்குக்கான ஆண்டு) இருக்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1311 என்பது 1901 ஜூலை முதல் 1902 ஜூன் வரை.

• கிழமை. என்னைக் கேட்டால் இதுதான் கடைசித் தீர்ப்பு. அறுபது ஆண்டு கழித்து அதே தமிழ்த் தேதி அதே கிழமையில் வராது, ஐந்தாறு நாள் தள்ளிப் போகும். பழைய பஞ்சாங்கத்தில் இரண்டு ஆண்டையும் பார்த்தால் எது பொருந்துகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். பிலவ ஆடி 1901, பிலவ மாசி 1902.

கையெழுத்துக் குறிப்புகளில் ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய். ௰௨ என்பது 12. ௰ பத்தைக் குறிக்கும்.

ஜில்லா எல்லையைச் சரிபாருங்கள்

1910 வரை கரூர் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது, பிறகுதான் திருச்சிக்குப் போனது. ராமநாதபுரம் ஜில்லாவே 1910இல்தான் மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளைச் சேர்த்து உருவானது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன் உங்கள் தாலுகா அப்போது எந்த ஜில்லாவில் இருந்தது என்று பார்த்துக்கொண்டு போங்கள், ஒரு நாள் மிச்சமாகும்.

எதில் எழுதி வைப்பது?

முதலில் நோட்டும் பென்சிலும். பிறகு கணினியில் கிராம்ப்ஸ். இலவச மென்பொருள், தமிழில் பெயர் எழுதலாம், தகவல் நம் கணினியிலேயே இருக்கும். "1902க்கு முன்", "சுமார் 1880" என்று தேதி போடவும், ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து கிடைத்தது என்று குறிக்கவும் வசதி உண்டு. குடும்ப விவரத்தை முழுக்க இணைய நிறுவனங்களிடம் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. எதில் எழுதினாலும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். ஒரே பெயர் நாலு தலைமுறையில் இரண்டு முறை வரும்போது எண்தான் காப்பாற்றும்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், தங்கள் ஓலையில் 1077 என்று மட்டும் இருப்பதாகச் சொன்னார். அது கொல்லம் ஆண்டு, கேரளத்திலும் திருநெல்வேலிப் பக்கமும் வழங்கிய ஆண்டுக் கணக்கு. ஆவணி முதல் டிசம்பர் வரை 824, அதற்குப் பிறகு 825 கூட்டுங்கள். ஆகவே அதுவும் 1901-02.

பின்சேர்க்கை 2: "பெண்களைக் காணவே இல்லையே" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். உண்மைதான். பழைய பாகப்பிரிவினையில் மகள்கள் வர மாட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது. அதனால் விடுதலைப் பத்திரங்களைத் தேடுங்கள். உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்ட மகளின் பெயர், கணவர் பெயர், புகுந்த ஊர் மூன்றும் அதில் இருக்கும். தாத்தாவின் மூத்த அக்காவை அப்படித்தான் கண்டுபிடித்தேன். அவர் பேத்தி இப்போதும் அதே ஊரில் இருக்கிறார். போன மாதம் போய்ப் பார்த்தேன். அவர் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது.