கைவிடப்பட்ட ஹெஸ்டெய்ரிக்குப் போவது எப்படி: மலேசியப் பயணிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, ஹோர்ன்ஸ்ட்ரன்டிர் என்ற தீபகற்பம் கடலுக்குள் நீண்டிருக்கிறது. மீன் பிடித்தும் ஆடு வளர்த்தும் செங்குத்துப் பாறைகளில் இறங்கிக் கடற்பறவை முட்டை எடுத்தும் அங்கே வாழ்ந்த குடும்பங்கள் 1940-களில் ஒவ்வொன்றாக வெளியேறின. ஹெஸ்டெய்ரி என்ற சிற்றூர் 1952-இல் காலியானது. 1975-இல் அப்பகுதி இயற்கைக் காப்பகமாக்கப்பட்டது. இன்றும் அங்கே சாலையோ கடையோ கிடையாது. பினாங்கிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ முதன்முறையாகச் செல்ல விரும்புவோர், எதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பதை அறிந்துகொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதல் படி: படகு

பலரும் மலிவான விமானச் சீட்டைப் பார்த்ததும் வாங்கிவிட்டு, பிறகுதான் படகைத் தேடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். இசாஃப்யோர்துர் என்ற துறைமுக ஊரிலிருந்து ஹெஸ்டெய்ரிக்குக் கோடைக்காலத்தில்தான் படகுகள் முறையாகச் செல்கின்றன. பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஜூன் மாதத்தில் மலைக் கணவாய்களில் பனி கிடக்கும் என்பதால், புதியவர்களுக்கு ஜூலையும் ஆகஸ்டின் முற்பாதியுமே ஏற்றவை. காற்று பலமாக வீசினால் படகு புறப்படாது. ஆகவே படகு நாளுக்கு முன்னும் பின்னும் வேறு திட்டம் எதுவும் வைக்காத நாள்களை ஒதுக்கிவிட்டு, அதன்பிறகே விமானத் தேதியைக் குறியுங்கள்.

இரண்டாம் படி: விமானமும் தரைவழியும்

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்), எந்த 180 நாளிலும் 90 நாள் வரை, விசா இன்றித் தங்கலாம். ஐஸ்லாந்தும் அவற்றுள் ஒன்று. கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் இல்லாததால் லண்டனிலோ வேறோர் ஐரோப்பிய நகரிலோ மாறி ரெய்க்யவிக் செல்ல வேண்டும். அங்கிருந்து இசாஃப்யோர்துர் சாலை வழியாகச் சுமார் 450 கிலோமீட்டர். முழு நாளை அதற்கே விட்டுவிடுவது நல்லது.

மூன்றாம் படி: உடையும் பயிற்சியும்

ஜூலையிலும் வெப்பநிலை பெரும்பாலும் 10 பாகையை ஒட்டியே இருக்கும். அந்த எண்ணைவிட, மழையும் கடற்காற்றும் சேர்ந்து உடலின் சூட்டைப் பறிப்பதுதான் நம்மூர் உடம்புக்குப் பெரிய சோதனை. நனைந்த பருத்தித் துணி உலராது. ஆகவே உள்ளே கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாத மேலங்கி, இவை போதும். ஓடைகளுக்குப் பாலம் இல்லாத இடங்களில் தண்ணீரில் இறங்கிக் கடக்க நேரும் என்பதால் தனிக் காலணி ஒன்று வேண்டும். முழுச் சுமையுடன் பினாங்கின் தெலுக் பஹாங்கிலுள்ள தேசியப் பூங்காவில் கெராச்சுட் கடற்கரை வரை சில வாரக் கடைசிகளில் நடந்து பழகினால் கால்கள் தேறிவிடும். குளிருக்குப் பழக, கேமரன் மலையும்கூட உதவாது.

அடுப்புக்கான எரிவாயுக் கலனை விமானத்தில் எடுத்துச்செல்ல முடியாது, ஐஸ்லாந்திலேயே வாங்குங்கள். மலேசியாவிலிருந்து இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுபோகக் கூடாது. காப்பகத்தில் விறகுத் தீ மூட்டுவதற்கும் தடை உண்டு.

நான்காம் படி: ஊரைப் பார்ப்பது

புதியவர்கள் ஒருநாள் பயணமாகச் சென்று திரும்புவதே நல்லது. 1901-இல் கட்டப்பட்ட மருத்துவர் வீடு கோடையில் காப்பிக் கடையாகவும் தங்குமிடமாகவும் இயங்குகிறது. மற்ற மரவீடுகள் பூட்டிக் கிடந்தாலும் உரிமையாளர் இல்லாதவை அல்ல. வெளியேறியவர்களின் வழித்தோன்றல்கள் அவற்றைப் பழுதுபார்த்துக் கோடையில் வந்து தங்குகிறார்கள். எனவே சன்னலில் முகம் வைத்து உள்ளே பார்ப்பது, திண்ணையில் ஏறிப் படம் எடுப்பது போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட எச்சங்கள் சட்டத்தால் காக்கப்படுகின்றன; கல் ஒன்றைக்கூட நகர்த்தக் கூடாது.

ஊரைவிட்டுக் கரையோரமாக நடந்தால் ஸ்டெக்கெய்ரியில் செங்கல் புகைபோக்கியும் இடிந்த சுவர்களும் தென்படும். 1894-இல் நோர்வேக்காரர்கள் அங்கே திமிங்கல நிலையம் தொடங்கினார்கள். 1915-இல் ஐஸ்லாந்து திமிங்கல வேட்டையைத் தடைசெய்தது. பின்னர் அதே இடத்தில் ஹெர்ரிங் மீன் ஆலை நடந்து, 1940-இல் மூடப்பட்டது. ஆலை போனதும் கூலி போயிற்று. இளைஞர்கள் நகரங்களுக்குப் போகவே, படகு தள்ளக்கூட ஆள் போதவில்லை. ஊரின் மரத் தேவாலயத்தை 1960-களில் கழற்றி, கடலுக்கு அப்பாலுள்ள சூடாவிக்கில் நிறுவினார்கள். கல்லறைத் தோட்டம் மட்டும் ஹெஸ்டெய்ரியிலேயே இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட பின், தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் காலியானதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் படி: பாதுகாப்பு

கைப்பேசித் தொடர்பை நம்ப வேண்டாம். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் படகு நிறுவனத்திடமும் வீட்டாரிடமும் எழுதிக் கொடுங்கள். அவசர எண் 112. கரையோரத்து அவசரக் குடில்கள் உயிராபத்துக்கு உரியவை, உறங்குவதற்கு அல்ல. மூடுபனி இறங்கினால் பாதையை விட்டு விலகாதீர்கள். காப்பக நரிகள் வேட்டைக்கு அஞ்சாதவை என்பதால் அருகே வரும், தீனி போடாதீர்கள். குப்பை முழுவதும் உங்கள் பையிலேயே திரும்ப வேண்டும். மாலைப் படகுக்கு முன்கூட்டியே கரைக்கு வந்துவிடுங்கள். காற்றால் அது வராமலும் போகலாம் என்பதால், ஒருநாள் பயணமாயினும் மறுநாளுக்கான உணவும் உறங்கும் பையும் கையில் இருக்க வேண்டும்.