ஓலை இழைக்கும் ஆச்சிக்குப் பரிசு கொண்டுபோகும்போது விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் பனையோலை வேலை பழகும் இளம் பிள்ளைகள் முதல் பெட்டியை இழைத்து முடித்ததும், பழக்கிவிட்ட ஆச்சிக்கே அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் வருசா வருசம் ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஓரம் கோணல், இழை தளர்வு என்பவற்றை இங்கே எழுதவில்லை. கை பழகினால் அவை தானாகச் சரிவரும்.

காயாத பெட்டியைக் கட்டிக் கொடுப்பது

எல்லாவற்றிலும் நட்டம் கூடிய பிழை இதுதான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பிழையும் இதுதான்.

குருத்தோலையைக் காயவைத்துத்தானே இழைத்தோம், பிறகு என்ன ஈரம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். காய்ந்த ஓலை அப்படியே வளையாது, வெடிக்கும். அதனால்தான் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு இழைக்கிறோம். அந்த ஈரம் முடிந்த பெட்டிக்குள்ளேயே நிற்கிறது. பக்கம் ஒரு நாளில் காய்ந்துவிடும். அடி மூலையும், ஓலை மடிந்து நாரால் கட்டிய விளிம்பும் கடைசியாகத்தான் காயும். கடகம் என்ற பெரிய ஓலைக்கூடை போல இரட்டையாக இழைத்த பொருள் என்றால் இரண்டு ஓலைக்கும் நடுவில் ஈரம் இன்னும் கன நாள் கிடக்கும்.

இந்த நிலையில் பொலித்தீனில் சுற்றி, ரிப்பன் கட்டி வைத்தால் ஈரம் வெளியே போக வழியில்லை. சில நாளிலேயே விளிம்பில் பூஞ்சணம் பிடிக்கும். மேலால் துடைக்கலாம், ஆனால் வெள்ளை ஓலையில் விழுந்த கறுப்புப் புள்ளி போகாது.

நட்டம் அந்தப் பெட்டியோடு நிற்பதில்லை. ஆச்சி அதை எங்கே வைப்பா? தன் ஓலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில்தான். மாரிக்கென்று வெயில் காலத்திலேயே காயவைத்துச் சேர்த்த ஓலை அது. ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் பூஞ்சணம் அந்தக் கட்டுக்கும் தாவிவிடும். அப்படி ஒரு மாரியில், ஒரு பிள்ளை ஆசையாய்க் கொடுத்த மூடல்பெட்டியால் ஒரு கட்டு முழுக்க அடுப்புக்குப் போனது. ஆச்சி அந்தப் பிள்ளையிடம் சொன்னது, “ஓலை கொஞ்சம் காயேல்லைப் பிள்ளை” என்பது மட்டுந்தான். அதற்கு மேல் சொல்ல மாட்டா. சொல்லாததால்தான் அடுத்த பிள்ளையும் அதையே செய்கிறது.

இழைத்து முடிந்ததும் இரண்டு நாள் காலை இளவெயிலில் கவிழ்த்து வையுங்கள். மத்தியான வெயில் வேண்டாம், விளிம்பு சுருண்டு ஓலை முறுகும். பிறகு காற்றோட்டமான நிழலில் நாலைந்து நாள் விடுங்கள். மழை நாளென்றால் அடுப்படியில் சூடு படும் உயரத்தில் தொங்கவிடலாம். காய்ந்ததா என்று பார்க்க விளிம்பை விரலால் நெரியுங்கள். சரசரவென்று சத்தம் வந்தால் காய்ந்தது. சத்தமில்லாமல் மெத்தென்று அமுங்கினால் இன்னும் ஈரம். மூடியைப் போட்டு ஓர் இரவு வைத்து, காலையில் திறந்து மணந்தும் பார்க்கலாம். புழுங்கல் மணம் வந்தால் திரும்பவும் நிழலுக்கு.

கட்டுவதற்குப் பருத்தித் துணியோ கடதாசியோ போதும். ரேப் (ஒட்டு நாடா) ஒட்ட வேண்டாம், கழற்றும்போது ஓலையின் மேற்தோலையும் உரித்துக்கொண்டு வரும்.

வார்னிஷ்

பூச வேண்டாம்.

இறுகிய மூடி

மூடியை ஓர் இழை அகலமாவது பெரிதாக எடுங்கள். வயதான விரல் மூட்டுகளுக்கு இறுக்கமான மூடியை இழுத்துத் திறப்பது பெரிய வேதனை. வெற்றிலை, பாக்கு வைக்கிற பெட்டியை ஒரு நாளைக்குப் பல தடவை திறக்க வேண்டிவரும்.

சாயம்

சாயத்தில் அவித்த ஓலையை, அலசும் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். காய்ந்தபின் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்த ஓலையை வெள்ளை ஓலையோடு சேர்க்காதீர்கள். சாப்பாட்டுப் பொருளுக்குச் சாய ஓலையே வேண்டாம்.

விலை கேட்பது

ஆச்சி பதிலுக்கு ஏதாவது தந்தால் அதற்கு விலை கேட்காதீர்கள்.

துடக்கு வீடு

ஆச்சி வீட்டில் செத்தவீடு நடந்திருந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு கழியட்டும். பிறகு கொண்டுபோகலாம்.

தந்ததை அலுமாரியில் பூட்டி வைப்பது

ஆச்சி நீத்துப்பெட்டி தந்தால் அது பிட்டு அவிக்கத்தான். கண்ணாடி அலுமாரியில் பார்த்தால் அவவுக்கு மனம் நோகும். புதுப் பெட்டியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, ஒருமுறை வெறுமையாக ஆவியில் வையுங்கள், ஓலை மணம் குறையும். பானைத் தண்ணீர் பெட்டியின் கூரான அடியில் முட்டக் கூடாது, முட்டினால் அடிப்பிட்டு களியாகும். அவித்து முடிந்ததும் இடுக்கில் மா நிற்காமல் கழுவி, வெயிலில் காயவைத்து, அடுப்படியில் தொங்கவிடுங்கள். மா ஒட்டிக் கிடந்தால் கரப்பான் வந்து ஓலையையும் சேர்த்து அரிக்கும்.

ஆச்சி பெட்டியில் ஏதாவது போட்டுத் தந்துவிட்டு, பெட்டியைத் திருப்பித் தரச் சொன்னால் வெறும் பெட்டியாகக் கொண்டுபோகாதீர்கள். வளவில் காய்த்த நாலு தேசிக்காய் போட்டாலும் போதும்.