தறிச் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்

16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் அறிகுறி பார்க்க 'எம்-சாட்-ஆர்' படிவம், 20 கேள்விகள். பெற்றோரிடம் "எப்பவாச்சும் செஞ்சுதுங்களா" என்று கேட்காதீர்கள். "வழக்கமா செய்யுதுங்களா" என்று கேளுங்கள். 2, 5, 12ஆம் கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் ஒரு மதிப்பெண், மற்றவற்றுக்கு 'இல்லை' என்றால். அவசரத்தில் இதைத்தான் மாற்றிப் போட்டுவிடுகிறோம். மொத்தம் 3 முதல் 7 வந்தால் தொடர் கேள்விகள். 8 தொட்டால் நேரே மேல்பரிசோதனை.

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய வீடென்றால் முதலில் தறியை நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளை விளையாடும்போது பின்னாலிருந்து, தொடாமல், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பவில்லையா? காதுப் பரிசோதனைக்கும் எழுதுங்கள்.

"இவங்கப்பனும் மூணு வயசுலதானுங்க பேசுனான்" என்பார் அப்பத்தா. காத்திருக்காதீர்கள். வந்த பேச்சு நின்றுபோயிருந்தால், மதிப்பெண் எதுவானாலும் மேல்பரிசோதனைக்கு அனுப்புங்கள்.