லித்தியம் கார்பனேட்டைச் சலவைச் சோடாவின் தம்பி என்று நம்பாதீர்கள்

லித்தியம் கார்பனேட்டைக் கையாளும்போது நேரும் பிழைகளில் பல ஒரே நம்பிக்கையிலிருந்து பிறக்கின்றன. லித்தியமும் சோடியமும் தனிம அட்டவணையில் ஒரே தொகுதி, இரண்டின் கார்பனேட்டும் வெள்ளைத் தூள், ஆகவே ஒன்றைப் போலத்தான் மற்றதும் நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கை அது. உறவு உண்மை. குணம் வேறு.

முதல் தவறு கழுவும் நீரில். சலவைச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட், தண்ணீரில் தாராளமாகக் கரையும். லித்தியம் கார்பனேட்டோ 20 பாகை செல்சியஸில் 100 மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ 1.3 கிராம்தான் கரைகிறது. கொதிக்கும் நீரில் அது சுமார் 0.7 கிராமாகக் குறைந்துவிடுகிறது. சூடாக்கினால் அதிகம் கரையும் என்று பழகிய கை இங்கே ஏமாந்துபோகும். இந்த உப்பு கரையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அதனால் வெப்பநிலை உயர உயரக் கரைதிறன் இறங்குகிறது. கரைசலிலிருந்து படிந்த 10 கிராம் உப்பை (வீழ்படிவை) 200 மில்லிலிட்டர் குளிர்ந்த நீரால் நிதானமாகக் கழுவினால் இரண்டரை கிராம் வரை வடிநீரோடு போய்விடலாம். கொதிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கழுவுங்கள். வடிகட்டுவதையும் சூட்டோடு முடித்துவிடுங்கள்.

மாசுபட்ட உப்பைத் தூய்மையாக்க அதைக் கரைத்தே தீர வேண்டும் என்றால் வழி இருக்கிறது. நீரில் கலக்கிய தூளுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தினால் நன்றாகக் கரையும் லித்தியம் பைகார்பனேட் உண்டாகும். கரையாத மாசுகளை வடிகட்டிவிட்டுக் கரைசலைச் சூடாக்கினால் வாயு வெளியேறி, தூய கார்பனேட் மீண்டும் படியும். எனக்கு மிகவும் பிடித்த வேதிவினைகளில் இது ஒன்று. ஆனால் அந்தப் பைகார்பனேட்டை வற்றவைத்துத் தூளாக எடுக்க முயல வேண்டாம். சமையல் சோடாவைப் போல அதற்குத் திண்ம வடிவம் கிடையாது. கரைசலில் மட்டுமே அது வாழும்.

கணக்கில் வரும் தவறுகள் சிறியவை, விளைவுகள் பெரியவை. ஒரு கார்பனேட் அயனிக்கு இரண்டு லித்தியம் அயனிகள் என்பதை மறந்தால் விடை சரிபாதியாகிவிடும். இந்த உப்பின் எடையில் லித்தியம் ஏறத்தாழ 18.8 விழுக்காடுதான், ஒரு கிலோ லித்தியத்துக்குச் சுமார் 5.32 கிலோ கார்பனேட் தேவை. சுரங்க உற்பத்திச் செய்திகளில் வரும் ‘லித்தியம் கார்பனேட் சமானம்’ (லித்தியத்தை அதே அளவு லித்தியம் கொண்ட கார்பனேட்டின் எடையாகச் சொல்வது) என்ற அளவை லித்தியத்தின் எடையாகவே படிப்பவர்கள் ஐந்து மடங்குக்கு மேல் பிசகுகிறார்கள். இன்னொன்று, சலவைச் சோடாப் படிகத்தைப் போல இது நீர்மூலக்கூறுகளைச் சுமப்பதில்லை. எடை போடும்போது அதற்கென்று எதையும் கழிக்காதீர்கள்.

சுடர் சோதனையில் கார்பனேட்டை அப்படியே காட்டினால் நிறம் மங்கலாக வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்துக் காட்டுங்கள். செந்நிறம் தெரிந்தவுடன் லித்தியம் என்று முடிவு கட்டவும் வேண்டாம், ஸ்ட்ரான்சியமும் சிவப்பாகவே எரியும்.

சூளையில் இது வலிமையான இளக்கி, அதாவது பிற பொருள்களைக் குறைந்த சூட்டிலேயே உருகவைப்பது. தனியாக 723 பாகையில் உருகும்; மண்பாண்டத்தின் மெருகுப் பூச்சில் கொஞ்சம் சேர்த்தாலே பூச்சு சீக்கிரம் உருகிவிடும். அதே சமயம் பூச்சின் வெப்ப விரிவையும் அது குறைக்கிறது. அளவு மீறினால், ஆறும்போது பாண்டம் பூச்சைவிட அதிகமாகச் சுருங்கி, பூச்சு விளிம்புகளில் செதில் செதிலாகத் தெறிக்கும். உருகிய லித்தியம் கார்பனேட் பீங்கான் மூசையையும் (உருக்கும் கிண்ணத்தையும்) அரித்துவிடும். மின்கலத் துறையில், நிக்கல் மிகுந்த நேர்மின்வாய்களுக்கு லித்தியம் ஹைட்ராக்சைடையே விரும்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் கார்பனேட் போதும் என்று எண்ணுவதும் பிழைதான்.

இனி மருந்து. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் பித்துநிலை (அளவுமீறிய மனக்கிளர்ச்சி) நோயாளிகளிடம் லித்தியம் உப்பின் பயனை எழுதினார். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகள் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைப் பயன்படுத்தி நச்சேறினார்கள், சிலர் இறந்தார்கள். வேதியியலாளர் மறக்கும் வேறுபாட்டைச் சிறுநீரகமும் மறக்கிறது. உடலில் சோடியம் குறைந்தால் அது சோடியத்தை இழுத்துப் பிடிக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே லித்தியம் கார்பனேட் மாத்திரை எடுப்பவர் திடீரென உப்பைக் குறைப்பதும், கடும் வியர்வையிலோ வயிற்றுப்போக்கிலோ நீரிழந்து நிற்பதும் ஆபத்து. இப்யூபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளும், தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கிகளும், சில இரத்த அழுத்த மருந்துகளும் லித்தியத்தின் அளவை உயர்த்தக்கூடியவை. மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் சேர்க்கக் கூடாது. லித்தியத்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது, நோய் திரும்பக்கூடும். ஆய்வகப் புட்டியில் இருப்பதும் இதே உப்புதானே என்று வாயில் போடுவதை நினைக்கவே கூடாது.

காரணம், பயனுக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை என்பது பொதுவான இலக்கு, 1.5ஐத் தாண்டினாலே கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் தோன்றலாம். அதனால் இரத்தப் பரிசோதனையில் நேரம் முக்கியம். கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். இரத்தம் சேகரிக்கும் குழாயையும் பாருங்கள். உறையாமல் தடுக்க லித்தியம் ஹெபாரின் பூசிய குழாய்களும் உண்டு. அவற்றில் எடுத்தால், லித்தியத்தையே தொடாத ஒருவருக்கும் நச்சு அளவு காட்டக்கூடும்.